‘ஃப்ரைகோர் பதக்கம்’ என்று விற்கிறார்கள்: எதைப் பார்த்து நம்புவது?

கேள்வி இதுதான். இணைய ஏலம் ஒன்றில் மூன்று பொருட்கள் ஒரே தொகுப்பாக வந்திருக்கின்றன. ஒன்று, சிறகு விரித்த கருப்புக் கழுகு, சுற்றிலும் இலை வளையமும் வாள்களும். இன்னொன்று, பாய்மரக் கப்பல் பொறித்த நீள்வட்டச் சின்னம். மூன்றாவது, ‘கோபுர்க் 1922–1932’ என்று எழுதிய பேட்ஜ். கூடவே மடித்துப் பழுப்பேறிய சான்றிதழ் ஒன்று. மூன்றும் முதல் உலகப் போருக்குப் பின் எழுந்த ‘ஃப்ரைகோர்’ என்ற தன்னார்வப் படையில் இருந்த ஒரே ஜெர்மன் வீரருடையவை என்கிறார் விற்பவர். உண்மையா, வாங்கலாமா, வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் சுருக்கமாக: கழுகு உண்மையானதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கப்பலைச் சோதிக்காமல் தொடாதீர்கள். கோபுர்க் பேட்ஜ் போலி என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். தொகுப்பின் மொத்த விலையைக் கழுகின் விலையாக மட்டும் கணக்கிட்டால் கட்டுப்படியாகிறதா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால் விட்டுவிடுங்கள். இப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. அது புரிய, இந்தப் பதக்கங்கள் எப்படிப் பிறந்தன என்று தெரிய வேண்டும்.

1918 நவம்பர் 11-ல் முதல் உலகப் போரில் போர்நிறுத்தம் வந்தது. பழைய ராணுவம் கலைந்தது. பெர்லின், ப்ரெமன், மியூனிக் என நகரங்களில் புரட்சி. கிழக்கே போலந்து எல்லையிலும் பால்டிக் பகுதியிலும் சண்டை. இந்த இடைவெளியில் அதிகாரிகள் தங்கள் பெயரிலேயே ஆள் சேர்த்து நடத்திய தன்னார்வப் படைகள்தான் ஃப்ரைகோர். சில படைகள் அரசின் சம்பளத்தில் அரசுக்காகச் சண்டையிட்டன; அவற்றில் சிலவே பிறகு அரசைக் கவிழ்க்கவும் போயின. 1919 ஆகஸ்ட் 11-ல் கையெழுத்தான, ஜெர்மனியின் புதிய குடியரசுக்கான வைமர் அரசியல் சட்டத்தின் 109-வது பிரிவு, அரசு இனி விருதோ பதக்கமோ வழங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. குடியரசில் எல்லாரும் சமம் என்பது அதன் நியாயம். ஆனால் லட்சக்கணக்கான பேர் மார்பில் குத்திக்கொள்ள எதையாவது எதிர்பார்த்துக்கொண்டிருந்த நாடு அது. அரசு விட்ட இடத்தைத் தளபதிகளும் சங்கங்களும் நகைத்தொழில் நிறுவனங்களும் பிடித்துக்கொண்டார்கள்.

விளைவு என்னவென்றால், இவற்றுக்கு மையப் பதிவேடு கிடையாது. ஒரே அச்சும் கிடையாது. ஒரே பதக்கத்தை ஐந்தாறு பட்டறைகள் தத்தம் அச்சில் அடித்தன. ஒருவர் தனக்குக் கிடைத்த பதக்கத்தைக் கடையில் இன்னும் அழகான வடிவில் வாங்கி அணிந்தார். அதனால் ‘மூல அளவு இத்தனை மில்லிமீட்டர், இது அரை மில்லி கூடுதல், ஆகவே போலி’ என்று அரச காலத்து இரும்புச் சிலுவையில் செய்வதுபோல் இங்கே ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. உலோகம், அடித்த முறை, ஊசி, எழுத்து, காகிதம் எல்லாம் சேர்ந்து ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்பதுதான் சோதனை.

இப்போது கழுகுக்கு வருவோம். இதன் பெயர் சிலேசியத் தகுதிச் சின்னம்; சேகரிப்போர் எல்லாரும் ‘சிலேசியக் கழுகு’ என்றே சொல்வார்கள். போலந்து எல்லையை ஒட்டிய அன்றைய ஜெர்மன் மாகாணமான சிலேசியாவின் ப்ரெஸ்லவ் நகரில் இருந்த 6-வது படைப்பிரிவுத் தலைமையகத்தின் தளபதி ஃப்ரீடெபுர்க் 1919 ஜூன் 19-ல் இதை ஏற்படுத்தினார். தேதியைக் கவனியுங்கள்: 109-வது பிரிவு வருவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பு. ராணுவத் தளபதி ஒருவரே முறையாக ஏற்படுத்தியது என்பதால், மற்ற ஃப்ரைகோர் சின்னங்களைவிட இதற்கு எப்போதும் ஒரு படி கூடுதல் மரியாதை இருந்தது. எல்லைக் காவலில் 3 மாதம் பணி செய்தவருக்கு நாடாவில் தொங்கும் இரண்டாம் வகுப்பு. 6 மாதம் செய்தவருக்கு மார்பில் குத்தும் முதல் வகுப்பு. வீரச்செயலுக்கான விருது அல்ல, இருந்த காலத்துக்கான விருது. விற்பவர்கள் ‘வீரப் பதக்கம்’ என்று எழுதினால் அங்கேயே அவர்களின் அறிவு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

உருவம் இப்படி இருக்கும். கழுகின் மார்பில் முனைகள் மேல்நோக்கிய பிறை, அதன் நடுவில் ஒரு சிறு சிலுவை. இது சிலேசியாவின் பழைய மரபுச்சின்னம். காலடியில் ஒரு பட்டை. அதில் ‘ஃபூர் ஷ்லேசியன்’, அதாவது ‘சிலேசியாவுக்காக’. லென்ஸை முதலில் இந்தப் பட்டையின் மேல் வையுங்கள். அச்சில் அடித்த கழுகில் எழுத்தின் சுவர் நெட்டாக எழும்பி நிற்கும். எழுத்து முடிந்து தளம் தொடங்கும் இடத்தில் கத்தியால் கீறியதுபோல் ஒரு மூலை தெரியும். நகலாக உலோகத்தை உருக்கி ஊற்றி வார்த்த கழுகில் அந்த மூலை மெழுகு உருகியதுபோல் உருண்டிருக்கும். ‘ஊ’ ஒலிக்கான எழுத்தின் தலைமேல் இருக்கும் இரண்டு புள்ளிகளும் ஒன்றாகக் கலந்து ஒரு மேடாக நிற்கும். பிறைக்குள் இருக்கும் சிலுவையும் அப்படித்தான். சின்னது, ஆழம் குறைந்தது. வார்ப்பில் முதலில் சிதைவது அதுதான்.

நீங்கள் அனுப்பிய விவரத்தில் இலை வளையமும் வாள்களும் இருக்கின்றன. மூல ஆணையில் இருந்தவை இரண்டு வகுப்புகள் மட்டுமே. இலையும் வாளும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட அலங்காரம். வீரர்கள் கடையில் வாங்கிக்கொண்டவை. அதனால் அவை போலி என்று பொருள் இல்லை, அந்தக் காலத்திலேயே நிறைய அடித்தார்கள். ஆனால் ‘இலையும் வாளும் உயர்ந்த வகுப்பு, எனவே விலை இருமடங்கு’ என்று கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சான்றிதழில் ‘இலை, வாள்களுடன்’ என்று தட்டச்சு செய்திருந்தால் இன்னும் உன்னிப்பாகப் பாருங்கள்.

இதே போன்ற இன்னொரு கௌரவமான சின்னம் பால்டிக் சிலுவை. பால்டிக் தேசியக் குழு 1919-ல் ஏற்படுத்தியது. பால்டிக் பகுதி ஜெர்மானியர்களின் படையோடும் பிஷோஃப் தலைமையிலான ‘இரும்புப் பிரிவு’ போன்ற படைகளோடும் லாட்வியாவில் சண்டையிட்டவர்களுக்கு வழங்கினார்கள். 1919 மே 22-ல் லாட்வியத் தலைநகர் ரீகாவைப் பிடித்ததும், அடுத்த மாதமே செசிஸ் அருகே எஸ்தோனிய, லாட்வியப் படைகளிடம் தோற்றதும் இவர்களே. ரீகாவில் அவர்கள் கண்மூடித்தனமாகச் சுட்டுக்கொன்ற மக்களைப் பற்றி எந்தப் பதக்கத்தின் முதுகிலும் எழுதியிருக்காது. இந்தச் சிலுவையை அலமாரியில் வைப்பவர் அதையும் சேர்த்துத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இனிக் கப்பல். இது பதக்கம் அல்ல. எர்ஹார்ட் படையின் கைச்சின்னம். கடற்படை அதிகாரி ஹெர்மன் எர்ஹார்ட் 1919 தொடக்கத்தில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் மாலுமிகளைக் கொண்டு சேர்த்த இரண்டாம் கடற்படைப் பிரிவு, வைக்கிங் கப்பலைத் தன் அடையாளமாக வைத்துக்கொண்டது. 1919 மே மாதம் புரட்சியாளர்கள் மியூனிக்கில் அமைத்திருந்த சோவியத் ஆட்சியை ஒடுக்கியதில் பங்கெடுத்தது. அந்த ஆகஸ்டில் மேல் சிலேசியாவில் இருந்தது. 1920 மார்ச் 13 அன்று பெர்லினுக்குள் அணிவகுத்து, குடியரசுக்கு எதிரான காப் கவிழ்ப்பு முயற்சியை நடத்தியது. படை கலைந்த பிறகு அதிலிருந்தவர்களின் ரகசிய அமைப்பு 1921-ல் முன்னாள் நிதியமைச்சர் எர்ஸ்பெர்கரையும் 1922-ல் வெளியுறவு அமைச்சர் ராட்டெனாவையும் கொன்றது. இந்தப் புகழ்தான் சந்தையில் கப்பலுக்கு விலை ஏற்றுகிறது, விலைதான் போலிகளைப் பெருக்குகிறது. எர்ஹார்ட் ஆள் ஒருவர் சிலேசியாவுக்கும் போயிருக்கலாம் என்பதால் கழுகும் கப்பலும் ஒரே மார்பில், ஒரே கையில் இருப்பது வரலாற்றுக்கு முரண் இல்லை. ஆனால் பொருந்துகிற கதையைச் சொல்ல, போலி விற்பவருக்கும் வரலாறு தெரிந்திருந்தால் போதும். கதையைப் பொருளுக்குச் சான்றாக எடுக்காதீர்கள். கப்பலின் பின்பக்கம்தான் பேச வேண்டும்: உடுப்பின் கையில் உட்கார்ந்த சின்னம் என்பதால் பொருத்திய விதம், துணி உரசிய தேய்மானம் இரண்டும் அதற்கேற்ப இருக்க வேண்டும். பாயின் மேடான பகுதி பளபளத்து, பள்ளங்களில் கருமை தங்கியிருப்பது இயல்பு. பள்ளமும் மேடும் ஒரே அளவு கருத்திருந்தால் மொத்தமாக ரசாயனத்தில் முக்கி எடுத்தது.

கோபுர்க் பேட்ஜ் வேறு உலகம். 1922 அக்டோபர் 14, 15 தேதிகளில் ஹிட்லர் தன் நாஜிக் கட்சியின் அடியாள் படையான எஸ்.ஏ. ஆட்கள் சுமார் 650 பேரோடு கோபுர்க் நகருக்கு ரயிலில் போய்த் தெருச்சண்டை நடத்தினார். அதன் பத்தாம் ஆண்டில், 1932 அக்டோபரில், அப்போது உடன் போனவர்களுக்காக இந்தச் சின்னம் வந்தது. நீள்வட்ட வளையம், உச்சியில் கோபுர்க் கோட்டை, நடுவே கீழ்நோக்கிய வாளும் ஸ்வஸ்திகாவும். ‘ஹிட்லருடன் கோபுர்க்கில்’ என்ற எழுத்து. அதிகாரப்பூர்வப் பட்டியலில் 436 பெயர்கள்தான். 1936 நவம்பரில் இது கட்சியின் உயர் கௌரவச் சின்னங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. கூடவே 1929 நியூரம்பெர்க் மாநாட்டுச் சின்னமும், 1931 அக்டோபர் பிரௌன்ஷ்வைக் எஸ்.ஏ. பேரணிச் சின்னமும் அந்த வரிசைக்கு ஏறின. 436 பேருக்கு மட்டுமே உரிய ஒன்று சாதாரண ஏலத்தில், ஒரு தொகுப்பின் ஓரத்தில், பெயரும் ஆவணமும் இல்லாமல் கிடைக்கிறது என்றால் என்ன நினைப்பது? பிரௌன்ஷ்வைக் சின்னத்துக்கு இந்த அளவு சந்தேகம் வேண்டாம். பல பத்தாயிரம் பேர் கூடிய பேரணி அது. தாராளமாக அடித்த சின்னம்.

ஹிட்லர் 1923-ல் நடத்திய மியூனிக் கவிழ்ப்பு முயற்சியின் நினைவாக 1934-ல் ஏற்பட்ட ‘ரத்தப் பதக்கம்’ பற்றியும் யாராவது பேச்செடுப்பார்கள். அது ஃபூஸ் என்ற மியூனிக் பொற்கொல்லர் செய்தது, எண்ணிட்டது, முதலில் வந்த ஏறத்தாழ 1,500 பதக்கங்கள் 990 நேர்த்தி (ஆயிரத்தில் 990 பங்கு) வெள்ளி, பிந்தையவை 800 வெள்ளி. எண்ணைப் பதிவோடு ஒப்பிட முடியாமல் அதை வாங்கக் கூடாது என்பது மட்டும் போதும்.

சோதிக்கும் வேலைக்கு வருவோம். 10 மடங்கு லென்ஸ், 0.01 கிராம் காட்டும் தராசு, வெர்னியர் காலிப்பர், சின்னக் காந்தம், புறஊதா விளக்கு. இவ்வளவுதான் தேவை.

முதலில் விளிம்பு. அச்சில் அடித்துப் பிறகு வெட்டுக்கருவியால் தகட்டிலிருந்து அறுத்தெடுத்த சின்னத்தின் பக்கவாட்டில், மேலிருந்து கீழாக மெல்லிய நேர்கோடுகள் ஓடும். வார்ப்பில் விளிம்பின் நடுவே சுற்றிலும் ஒரு தையல்கோடு இருக்கும். அதை அரத்தால் ராவியிருந்தால் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். நல்ல பட்டறைகள் அந்தக் காலத்திலும் விளிம்பைக் கையால் ராவியதுண்டு. ஆகவே ராவிய தடம் மட்டும் குற்றம் அல்ல, தையல்கோட்டின் மிச்சம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இரண்டாவது அளவு. உண்மையான ஒன்றிலிருந்து அச்செடுத்து வார்த்தால், உலோகம் ஆறும்போது 1 முதல் 2 சதவீதம் சுருங்கும். 40 மில்லிமீட்டர் சின்னம் 39.2 முதல் 39.6 வரை வரும். பட்டறைக்குப் பட்டறை அளவு மாறும் என்று மேலே சொன்னேன். அதனால் ஒப்பிடும்போது அதே அச்சில் வந்த உண்மையான சின்னத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அச்சு ஒன்றுதானா என்று அச்சின் தழும்புகளே சொல்லும். அச்சு விரிசல் கண்டிருந்தால் அது அடித்த ஒவ்வொன்றிலும் மெல்லிய மேட்டுக்கோடாக ஒரே இடத்தில் வரும். அது நல்ல அறிகுறி. மாறாக இரண்டு சின்னங்களில் ஒரே இடத்தில் ஒரே கீறல் பள்ளமாக இருந்தால் விஷயம் வேறு. யாரோ அணிந்து கீறல் விழுந்த ஒன்றை அச்செடுத்துப் பலவாக வார்த்திருக்கிறார்கள். இணையப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே இது பிடிபடும்.

மூன்றாவது அடர்த்தி. வெள்ளி என்று சொல்லும் எதற்கும் இதைச் செய்யுங்கள். முதலில் காற்றில் எடை. பிறகு தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, சின்னத்தை நூலில் கட்டி, டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுதாக அமிழ்த்துங்கள். தராசு காட்டுவது வெளியேறிய நீரின் எடை. காற்றெடை 20.30, நீர் 2.00 என்றால் 20.30 ÷ 2.00 = 10.15. 800 வெள்ளியின் அடர்த்தி 10.1-க்குச் சற்று மேல், எனவே சரி. 8.4 முதல் 8.7 வந்தால் வெள்ளி முலாம் பூசிய பித்தளை. 7.1, 7.3 என்று வந்தால் துத்தநாகமோ வெள்ளீயமோ. 0.1 கிராம் தராசில் இதைச் செய்தால் பிழை பெரிதாகிவிடும்: நீரின் எடை 1.9 என்றோ 2.1 என்றோ காட்டினால் விடை 10.7-ஆகவும் 9.7-ஆகவும் ஓடும். சின்னத்தில் ஒட்டிக்கொள்ளும் காற்றுக்குமிழியும் விடையைக் குறைத்துக் காட்டும். ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டால் குமிழி போகும். இரும்பு உள்ளீடு இருப்பதையும், எனாமல் வெடித்ததையும் தண்ணீரில் போடாதீர்கள். நகைக்கடை எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்க்கலாம்தான். அது மேல்தோலை மட்டுமே படிக்கும், முலாம் கனமாக இருந்தால் ஏமாறும்.

காந்தத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். இந்தக் காலத்துச் சின்னங்கள் இரும்பிலும் வந்தன, பித்தளையிலும் துத்தநாகத்திலும் வந்தன. ஒட்டுகிறது, ஒட்டவில்லை இரண்டுமே சான்று ஆகாது.

எனாமல் இருந்தால் வெடித்த ஓரத்தை லென்ஸில் பாருங்கள். சூளையில் சுட்ட கண்ணாடி எனாமல், சிப்பி ஓடு உடைவதுபோல் வளைவாகச் சிதறும். உடைந்த விளிம்பு கூர்மையாக மின்னும். இன்றைய பிசின் எனாமல் உடையாது, கீறும். ஓரங்களில் சுவரோடு ஏறி நின்று நடுவில் குழிந்திருக்கும். மறைவான இடத்தில் ஊசிமுனையை மெல்ல அழுத்தினால் பிசினில் புள்ளி விழும், கண்ணாடியில் வழுக்கும்.

பின்பக்கத்துக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். போலி செய்பவர் முன்பக்கத்துக்குத்தான் பாடுபடுவார். கீல், ஊசி, கொக்கி மூன்றும் ஒரே காலத்துப் பற்றவைப்பா? பற்றைச் சுற்றிய உலோகம் சூட்டில் நிறம் மாறி, அதன் மேல் காலத்தின் அழுக்கு படிந்திருக்க வேண்டும். பற்று மட்டும் வெள்ளையாக மின்னினால் புதிதாக வைத்தது. ஊசி உடைந்து பழுது பார்த்த உண்மையான சின்னமாகவும் அது இருக்கலாம். அப்படியென்றால் விலை குறைய வேண்டும். கொக்கி சுழன்று பூட்டும் இன்றைய வகையாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

முத்திரைகள் தேதியைக் காட்டிக்கொடுக்கும். ‘கெஸ். கெஷ்.’ என்று இருந்தால் வடிவம் சட்டப்படி பதிவு செய்யப்பட்டது என்று மட்டுமே பொருள். ‘டி.ஆர்.ஜி.எம்.’ 1891 முதல் உள்ள பதிவு. அதுவும் ஆண்டைச் சொல்லாது. 800 என்ற எண்ணோடு பிறையும் கிரீடமும் இருந்தால் 1888-க்குப் பிந்தைய ஜெர்மன் வெள்ளி. ஆனால் நாஜிக் கட்சியின் கொள்முதல் அலுவலக முத்திரையான ஆர்.இசட்.எம். 1934-க்குப் பிறகுதான் வந்தது. பதக்கத் தொழில் கூட்டமைப்பின் எல்.டி.ஓ. எண்கள் 1941 முதல். 1919-ல் கொடுத்த சின்னம் என்று சொல்லி இவற்றில் ஒன்று அடித்திருந்தால், நல்லபடியாகப் பார்த்தால் பின்னாளில் வாங்கிய மாற்றுப்படி, இல்லையென்றால் போலி.

இப்போது அந்தச் சான்றிதழ். காகிதத்தைப் புறஊதா விளக்கில் காட்டுங்கள். நீலமாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டி கலந்த காகிதம். அது 1950-ஐ ஒட்டித்தான் பரவலானது. நாடாவின் நூலுக்கும் இதே சோதனை உண்டு. ஆனால் நாடாவை யாராவது இன்றைய சோப்புத்தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும். அதனால் நாடா ஒளிர்வதை மட்டும் வைத்துப் பதக்கத்தை நிராகரிக்க வேண்டாம். தட்டச்சு செய்திருந்தால் காகிதத்தின் முதுகைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். எழுத்துகள் அழுந்திய தடம் தெரிய வேண்டும். லேசர் அச்சில் தடம் இருக்காது, லென்ஸில் பொடித்துகள்கள் சிதறியிருக்கும்.

அடுத்தது எழுத்து. பழைய ஜெர்மன் அச்செழுத்தில் சொல்லின் நடுவில் வரும் ‘ஸ்’ நீண்டதாக, ‘எஃப்’ போலக் குறுக்குக்கோடு குறைந்த உருவில் இருக்கும். சொல்லின் கடைசியில் வருவதுதான் சுருண்ட ‘ஸ்’. ‘ஷ்லேசியன்’ என்ற சொல்லின் நடுவிலேயே அந்த இடம் இருக்கிறது. கணினி எழுத்துருவில் போலி செய்பவர் எல்லா இடத்திலும் சுருண்டதையே போட்டிருப்பார். கையெழுத்திலும் ஒரு பொறி உண்டு. ‘பழைய ஜெர்மன் கையெழுத்து’ என்று பலரும் கற்றுக்கொள்வது சூட்டர்லின் என்ற நேரான, உருண்டையான பள்ளி எழுத்து. அது பிரஷ்யப் பள்ளிகளுக்கு 1915-ல்தான் வந்தது. 1919-ல் நாற்பது வயதான அதிகாரி அதைப் படித்திருக்கவே மாட்டார். சாய்ந்து கூர்மையாக ஓடும் குர்ரென்ட் எழுத்திலோ லத்தீன் எழுத்திலோதான் எழுதுவார். பிள்ளை எழுதியதுபோல் அழகாக, நேராக நிற்கும் கையெழுத்தில் ‘தளபதி’ கையொப்பமிட்டிருந்தால் சான்றிதழை ஒதுக்கி வையுங்கள். சான்றிதழ் போலி என்பதால் கழுகும் போலி ஆகிவிடாது. உண்மையான கழுகுக்கு விலை ஏற்றப் போலிக் காகிதம் சேர்ப்பது அதிகம் நடக்கும் வித்தை. ராணுவப் பணிப்புத்தகத்தில் மற்ற பதிவுகளோடு வரிசையாக, அதே காலத்து மையில் இருக்கும் ஒரு வரி, தனியாக வரும் அலங்காரச் சான்றிதழைவிட மேலானது.

விற்பனைப் பட்டியல்களில் இன்னொரு குழப்பமும் உண்டு. ‘ஃப்ரைகோர் பதக்கம்’ என்று போடுவதில் பாதிக்கு ஃப்ரைகோரோடு சம்பந்தமே இருக்காது. பழைய வீரர் சங்கமான கிஃப்ஹாய்சர் கூட்டமைப்பு 1914–1918 போருக்காகத் தன் உறுப்பினர்களுக்கு வெளியிட்ட நினைவுப் பதக்கம் இதில் முதலிடம். முன்புறம் மண்டியிட்ட ஆடையற்ற வீரன், ‘ஆயுதம் பளபளக்க, மானம் மாசற்று’ என்ற வரி. பின்புறம் போர்த்தளபதி ஹிண்டென்பர்க் பெயரில், நான்கு ஆண்டுக்கு மேல் பகைவர் நிறைந்த உலகத்தை எதிர்த்து நின்ற போரிலிருந்து நிமிர்ந்தும் பெருமையோடும் வெளியேறுகிறோம் என்ற வாசகம். ‘நாங்கள் தோற்கவில்லை’ என்ற அந்தப் பொய் எப்படி லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போனது என்பதைக் காட்ட இந்த மலிவான பதக்கத்தைவிட நல்ல பொருள் கிடையாது. போலி செய்ய யாருக்கும் லாபம் இல்லாததால் கையில் கிடைப்பது பெரும்பாலும் உண்மையானது. புதிதாகத் தொடங்குபவர் கண்ணைப் பழக்க இதில் தொடங்கலாம்.

அதேபோல் ஸ்டால்ஹெல்ம், அதாவது ‘எஃகுத் தலைக்கவசம்’. 1918 டிசம்பரில் ஃப்ரான்ஸ் செல்ட்டே மாக்டபுர்க்கில் தொடங்கிய முன்னாள் வீரர் சங்கம் இது. சுமார் 5 லட்சம் பேர் வரை வளர்ந்தது. ஆண்டுதோறும் பெருங்கூட்டம் போட்டார்கள்: 1927 பெர்லின், 1928 ஹாம்பர்க், 1929 மியூனிக், 1930 கோப்லென்ஸ், 1931 ப்ரெஸ்லவ், 1932 மீண்டும் பெர்லின். ஒவ்வொன்றுக்கும் வந்தவர்கள் சட்டையில் குத்திக்கொள்ள மெல்லிய தகட்டில் அடித்த சின்னம் உண்டு. முன்பக்க மேடு பின்பக்கத்தில் பள்ளமாகத் தெரியும். ஊரும் தேதியும் பொறித்திருக்கும். ஊர், ஆண்டு இரண்டும் மேலே சொன்ன வரிசையோடு ஒத்துப்போகிறதா என்பதே முதல் சோதனை. எதிர்முகாமும் மார்பில் குத்திக்கொண்டது. குடியரசைக் காக்க 1924-ல் தொடங்கிய ரைக்ஸ்பானர், அதே ஆண்டு வந்த கம்யூனிஸ்டுகளின் செம்முன்னணிப் போராளிகள் சங்கம், 1931 கடைசியில் தொடங்கி மூன்று அம்புகளை அடையாளமாக்கிக்கொண்ட இரும்பு முன்னணி எல்லாருக்கும் சின்னங்கள் இருந்தன. 1933-க்குப் பிறகு இவற்றை வீட்டில் வைத்திருப்பதே ஆபத்தானதால் மக்கள் அழித்துவிட்டார்கள். இன்று கிடைப்பது குறைவு, தேடுவோரும் குறைவு. என் பார்வையில் இந்தத் துறையில் மிகவும் குறைத்து மதிக்கப்படுபவை இவைதான். வலதுசாரிச் சின்னங்களை மட்டும் அடுக்கிய பெட்டி அந்தக் காலத்தைப் பாதியாகத்தான் காட்டும்.

ஃப்ரைகோர் பதக்கங்களின் முடிவும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் தேதி பார்க்க அது உதவும். 1933 ஏப்ரல் 7-ல் புதிய அரசு 109-வது பிரிவின் தடையை நீக்கிப் பதக்கச் சட்டம் கொண்டுவந்தது. சிலேசியக் கழுகும் பால்டிக் சிலுவையும் அரசின் அங்கீகாரம் பெற்றன. அந்த நவம்பர் 9-ல் ஃப்ரைகோர் கொடிகள் மியூனிக்கில் எஸ்.ஏ.விடம் ஒப்படைக்கப்பட்டன. 1934 ஜூலையில் உலகப் போர் கௌரவச் சிலுவை வந்து சுமார் 80 லட்சம் பேருக்குப் போனது. தனியார் சங்கப் பதக்கங்களை அணிய இடம் இல்லாமல் போயிற்று. 1935-ல் மற்ற ஃப்ரைகோர் சின்னங்களும் தடையாயின. ஸ்டால்ஹெல்மும் அந்த நவம்பரில் கலைக்கப்பட்டது. கொடியை வாங்கிக்கொண்ட ஆட்சி, மார்பிலிருந்த சின்னத்தைக் கழற்றச் சொன்னது. கௌரவம் கொடுக்கும் உரிமை தன்னிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. ஆகவே 1938 தேதியிட்ட படத்தில் ஒருவர் ஏதோ ஒரு சிறு ஃப்ரைகோரின் சிலுவையை ராணுவச் சீருடையில் வெளிப்படையாக அணிந்திருந்தால், படத்தின் தேதியையோ படத்தையோ சந்தேகியுங்கள். கழுகும் பால்டிக் சிலுவையும் அப்படி இருப்பது சரியே.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள். ஜெர்மனியில் ஸ்வஸ்திகா உள்ள சின்னத்தைப் பொதுவில் காட்டுவது குற்றவியல் சட்டம் 86-அ பிரிவின்படி குற்றம். ஆய்வு, கல்வி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால் அங்குள்ள ஏல நிறுவனங்கள் படத்தில் அந்த இடத்தை மறைத்துப் போடும். கழுகுக்கு இந்தச் சிக்கல் இல்லை, கோபுர்க்குக்கு உண்டு. மறைத்த படத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மறைக்காத முன், பின், விளிம்புப் படங்களைக் கேட்டு வாங்குங்கள்.

வாங்கிவிட்டால், தேய்க்காதீர்கள். பித்தளை என்று புளி போடுவதும், வெள்ளி என்று விபூதி வைத்துத் துலக்குவதும் நம் கை பழகிய வேலை. இங்கே அது மேல்பூச்சையும் கருமையையும் ஐந்து நிமிடத்தில் கொண்டுபோய்விடும், திரும்ப வராது. மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். பிளாஸ்டிக் நாணய ஆல்பத்தின் பி.வி.சி. உறை நாளடைவில் அமிலம் கக்கிப் பச்சைப் பிசுக்கு படியவைக்கும். பாலியெஸ்டர் உறையோ அமிலமற்ற காகிதமோ பயன்படுத்துங்கள். ஒட்டுப்பலகை அலமாரியில் துத்தநாகச் சின்னத்தை வைக்காதீர்கள். மரத்திலிருந்து வரும் அமில ஆவி அதன் மேல் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். நம் கடலோர ஈரக்காற்றில் இரும்புக் கழுகின் கருப்புப் பூச்சுக்கு அடியில் துரு கிளம்பி, பூச்சு கொப்புளமாக எழும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள், நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

விற்பவருக்கு இப்போது நீங்கள் அனுப்ப வேண்டியது நான்கு வரி: கழுகின் காலடிப் பட்டையை நெருக்கமாக எடுத்த படம், மூன்றின் பின்பக்கமும் விளிம்பும், ஒவ்வொன்றின் எடை, 0.01 கிராம் துல்லியத்தில்; சான்றிதழின் பின்புறம், சாய்வான வெளிச்சத்தில். கூடவே, போலி என்று தெரிந்தால் 30 நாளில் பணம் திருப்பித் தருவதாக எழுத்தில் கேளுங்கள். படம் வராவிட்டாலோ, ‘இருந்தபடியே விற்பனை’ என்று பதில் வந்தாலோ, கழுகை மட்டும் தனியாக இன்னொரு இடத்தில் தேடுங்கள். அது அப்படி ஒன்றும் அரிதான பொருள் இல்லை.